சுங்காய் போகும் வழியில் திருவாதிரை

பயணக் கட்டுரை எழுத எனக்குத் தகுதி கிடையாது. படித்தது மூன்றாம் படிவம் வரை. போன தூரம் ஈப்போ பக்கத்து ஜெலாப்பாங்கிலிருந்து சுங்காய் வரை. ஊர் உலகம் சுற்றியவர்கள் எழுதும் இடத்தில் நான் நுழைவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை வேனுக்குள் கேட்டது என்னை உலுக்கிவிட்டது. யாரிடமாவது சொல்லியாக வேண்டும். எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. அதனால் எழுதுகிறேன்.

காலை 7.15. வேன் எங்கள் அடுக்குமாடி வாசலுக்கு வந்தது. ஓட்டியது குமரன், என் மகள் தர்ஷினியைக் கட்டிக்கொள்ளப் போகிறவர். பக்கத்தில் அவர் அம்மா சரோஜா அக்கா. நடு இருக்கையில் குமரனின் அக்கா வசந்தி. வெளிநாட்டில் வானத்தை ஆராய்ச்சி செய்கிறவர். இரண்டு வார விடுப்பில் வந்திருந்தார். என் கணவர் தவறி ஆறு வருடமாகிறது. ஆகவே பெண் வீட்டார் என்று போனது நானும் தர்ஷினியும்தான்.

போனது சுங்காய்க்கு உள்ளே ஒரு பழைய ரப்பர் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு. தோட்டம் எண்ணெய் எடுக்கும் செம்பனையாகிவிட்டது, சனங்கள் ஈப்போவுக்கும் கிள்ளானுக்கும் போய்விட்டார்கள். சரோஜா அக்கா குடும்பத்தில் ஒரு வழக்கம் மட்டும் விடவில்லை. வரப்போகும் மருமகளின் பேரை, ராசி நட்சத்திரத்தோடு, முதலில் அந்த அம்மனிடம் சொல்லி அர்ச்சனை செய்ய வேண்டும். பேர் போடுவது என்பார்கள். போட்டால்தான் நிச்சயத்துக்கு நாள் பார்ப்பார்கள். போடாமல் திரும்பினால் பேச்சு அதோடு முடிந்தது.

7.50. சிம்பாங் பூலாயில் நெடுஞ்சாலை ஏறினோம். பாதி வெட்டிய சுண்ணாம்பு மலைகள் பின்னால் போயின. வசந்தியிடம் என்ன வேலை என்று தர்ஷினி கேட்டாள். வெடித்துச் செத்த நட்சத்திரங்களின் மிச்சத்தைப் பார்ப்பதாக அவர் சொன்னார்.

“செத்த வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போற வேலை லா,” என்றார் குமரன்.

வசந்தி சிரித்துவிட்டு விளக்கினார். ஒரு நட்சத்திரம் வெடித்து முந்நூறு வருடத்துக்கு மேலாகியும் அதன் சிதறல் இன்னும் கோடிக்கணக்கான டிகிரி சூட்டில் இருக்கிறதாம். அந்தச் சூடு எக்ஸ்ரேயாக வருகிறதாம். நம் காற்று அதைத் தடுத்துவிடுவதால் கருவியை வானத்துக்கு மேலே அனுப்பி வைத்திருக்கிறார்கள். அதில் விழுவதைப் பார்த்து, சிதறலில் எங்கே இரும்பு, எங்கே சுண்ணாம்புச் சத்து என்று சொல்லிவிடுகிறார். நம் ரத்தத்தில் இருக்கும் இரும்பும் இப்படி வெடித்த நட்சத்திரங்களிலிருந்து வந்ததுதான் என்றார். நான் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

சும்மா இருந்திருக்கலாம். சம்பந்தி வீட்டுப் பெண் இவ்வளவு பேசும்போது ஊமைபோல் இருந்தால் தப்பாக நினைப்பார்களே என்று வாயைத் திறந்தேன். எங்கள் தர்ஷினி திருவாதிரை, அந்த நட்சத்திரத்தைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன்.

வசந்தி உற்சாகமாகத் திரும்பினார். “திருவாதிரையா ஆன்ட்டி? அடுத்து வெடிக்கப் போறதே அதுதான்னு நாங்கெல்லாம் காத்துக்கிட்டு இருக்கோம். இப்பவே வெடிச்சிருந்தாலும் நமக்குத் தெரியாது. வெளிச்சம் வந்து சேர ஐந்நூறு வருஷத்துக்கு மேல ஆகும்.”

சரோஜா அக்காவின் பின்னங்கழுத்து விறைத்ததை நான் பார்த்தேன். அது வெடிக்க இன்னும் லட்சம் வருடம்கூட ஆகலாம் என்று வசந்தி அவசரமாகச் சேர்த்தார். அது யார் காதிலும் ஏறவில்லை.

8.40. தாப்பா ஓய்விடம். நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோறு, பொட்டலம் மூன்று வெள்ளி ஐம்பது காசு, தே தாரிக் டீ இரண்டு இருபது. சரோஜா அக்கா எதையும் தொடவில்லை. கை கழுவும் இடத்தில் என்னைத் தனியாகப் பிடித்தார்.

“தப்பா நினைக்காதே. இன்னைக்குப் பேர் போட வேணாம். கொஞ்ச நாள் போகட்டும்.”

சரி அக்கா என்றுதான் என் வாயில் வந்தது. தர்ஷினியிடம் எப்படிச் சொல்வது? என் வாயால் கெட்டது. வசந்தி தன் அம்மாவோடு மலாயிலும் தமிழிலும் வாதாடிப் பார்த்தார். பத்துக்கு ஏழு பொருத்தம் இருந்ததே என்றார் குமரன். அது இந்த விஷயம் தெரிவதற்கு முன்னால் பார்த்தது என்று பதில் வந்தது.

9.35. சுங்காய் தாண்டி, செம்பனைக்கு நடுவே பதினொரு கிலோமீட்டர் செம்மண் பாதை. இருபது பேர் நிற்கும் அளவு கோயில். பூசாரி தட்டை வாங்கிக்கொண்டு பேர்களைக் கேட்டார். சரோஜா அக்கா குமரன் பேரையும் வசந்தி பேரையும் சொன்னார். தர்ஷினி தலை குனிந்து நின்றாள். விஷயம் அவளுக்குப் புரிந்துவிட்டது.

கடைசியாக அக்கா தன் பேரைச் சொன்னார். “சரோஜா, விருச்சிக ராசி, கேட்டை நட்சத்திரம்.”

எனக்கு எங்கிருந்து துணிச்சல் வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. வசந்தியைப் பார்த்து, கேட்டை எப்படிப்பட்ட நட்சத்திரம் என்று எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டேன்.

வசந்தி அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “அதுவும் அதே சாதிதான் ஆன்ட்டி. சிவந்து, ஊதிப்போய், அதுவும் ஒரு நாள் வெடிக்கத்தான் போகுது.”

பூசாரி குங்குமத்தைக் கையில் வைத்தபடி காத்திருந்தார். பிறகு அக்கா பேசியது அம்மனிடமா எங்களிடமா தெரியவில்லை.

“கேட்டைக்காரி, புருஷனோட அண்ணனுக்கு ஆகாதுன்னு என் மாமியா ஒரு வருஷம் என் பேர போட விடல. இதே வாசல்லதான் நின்னேன். அந்த மச்சான் எண்பத்திரெண்டு வயசு வரைக்கும் தண்ணியப் போட்டுக்கிட்டு நல்லாத்தான் இருந்தாரு லா.”

மூக்கைச் சிந்தினார். பூசாரி பக்கம் திரும்பினார். “அண்ணே, இன்னொரு பேர் இருக்கு. தர்ஷினி, மிதுன ராசி, திருவாதிரை. சத்தமா சொல்லுங்க.”

பகல் 12.30. திரும்பிக்கொண்டிருந்தோம். இருபத்தாறு வருடமாக ஜெலாப்பாங் கோயிலில் மகள் பேரோடு திருவாதிரையைச் சொல்லியிருக்கிறேன். அது வானத்தில் எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஒரு நாளும் அண்ணாந்து பார்த்ததில்லை. அது உண்மையிலேயே எரிந்துகொண்டிருக்கும் ஒரு பொருள் என்பதை இன்னும் என் மனம் நம்ப மறுக்கிறது.

மறுநாள் திங்கட்கிழமை, காலை ஷிப்டுக்குப் போனேன். பத்து மணி ஓய்வில் சரோஜா அக்கா போன் செய்து நிச்சயத்துக்கு மண்டபம் பார்க்கச் சொன்னார்.