போர்டில் முளைத்த முடி

பெயிண்ட் கடையில் அவரை 'ஈரம்' என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் உள்ளங்கையைச் சுவரில் வைப்பார். கண்ணை மூடுவார். "ஈரம்" என்பார். அதன் மேல் அடிக்கச் சொன்னால், "மறைக்கிறதுக்கு வேற ஆளப் பாருங்க" என்று பிரஷ்ஷைப் பையில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டுவார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் அடித்த சுவர் ஒன்றும் உரிந்ததில்லை. உதிர்ந்ததெல்லாம் தலையில்தான்.

முப்பத்தைந்தில் நெற்றியில் ஆரம்பித்தது. நாற்பத்தாறில், காதுக்குக் காது பின்பக்கமாக ஒரு பட்டை மட்டும் மிச்சம். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெயிண்ட் சொட்டினால் துடைப்பது சுலபம். கடை முதலாளிதான் வந்து கெடுத்தார்.

"ஈரம், இந்த வருஷம் கடை போர்டுல உன் போட்டோதான். பன்னெண்டு அடி. 'எங்கள் பெயிண்டர்'னு கீழ போடறோம். பத்தாம் தேதி போட்டோக்காரர் வர்றார்."

பன்னிரண்டு அடி போர்டில் மண்டைக்கு எத்தனை சதுர அடி வரும் என்று பெயிண்டர் அங்கேயே கணக்குப் போட்டார். கால் லிட்டர் பிரைமர் குடிக்கும். கடை இருப்பதோ நாலு தெரு கூடும் இடம். பஸ்ஸில் போகிறவன்கூடப் பார்ப்பான்.

சாயங்காலம் மனைவியிடம் கேட்டார். அவள் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள். எதையும் அரை மில்லிமீட்டர் பிசகாமல் பார்ப்பாள்.

"நான் எப்படி இருக்கேன்?"

"எந்தப் பக்கத்துலேர்ந்து?"

"மேலேர்ந்து."

அவள் எழுந்து வந்து பார்த்தாள். "கீறல் எதுவும் இல்ல" என்றாள்.

மறுநாள் முடி டாக்டரிடம் போனார். உட்காருவதற்கு முன் அறைச் சுவரைத் தொட்டுப் பார்த்தார். காய்ந்திருந்தது. டாக்டர் மேல் நம்பிக்கை வந்தது.

"ரெண்டு வழி இருக்கு. மறைக்கலாம், இல்ல நடலாம்" என்றார் டாக்டர். "மறைக்கணும்னா முடி மாதிரி ஒட்டிக்கிற கறுப்புப் பவுடர், இல்லன்னா விக். நடணும்னா ஆபரேஷன். பின்னாடி இருக்கிற முடிய வேரோட எடுத்து முன்னாடி நட்டுடுவோம்."

"பின் சுவத்துலேர்ந்து சுரண்டி முன் சுவத்துக்கா?"

"அப்படியும் சொல்லலாம்."

"அப்போ பின் சுவரு?"

"அங்கங்க எடுக்கறதால வெளிய தெரியாது."

"எல்லா மேஸ்திரியும் இதத்தான் சார் சொல்றான்."

டாக்டர் பொறுமைசாலி. "நட்டது மொதல்ல கொட்டிடும். பயப்படக் கூடாது. அப்புறம் முளைக்கும். முழுசாத் தெரிய ஒரு வருஷம் ஆகும்."

பெயிண்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "சார், நான் அடிக்கிற பெயிண்ட் மொதல்ல உரிஞ்சிடும், அப்புறம் தானா வந்துடும்னு சொன்னா என்னை எவன் வீட்டுக்குள்ள விடுவான்?"

டாக்டர் மார்க்கர் எடுத்து, புது முடி எங்கே ஆரம்பிக்கும் என்று அவர் நெற்றியில் ஒரு கோடு போட்டார். ஆபரேஷனுக்கு மாதக் கடைசித் திங்கட்கிழமையைக் குறித்துக் கொடுத்தார்.

குழம்பி நிற்கிற வீட்டுக்காரர்களுக்குப் பெயிண்டர் ஒரு வழி வைத்திருந்தார். சுவரில் மூன்று நிறத்தைக் கையகலத்துக்கு அடித்துக் காட்டுவார். காலை, மதியம், சாயங்காலம், மூன்று வெளிச்சத்திலும் பார்க்கச் சொல்வார். தனக்கும் அதையே செய்தார். இடது பக்கம் பவுடர் தூவினார். விக்கில் உள்ளங்கை அளவு வெட்டி வலது பக்கம் ஒட்டினார். நடுவில் டாக்டரின் கோடு. மூன்று வெளிச்சமும் படவேண்டுமே என்று அப்படியே வேலைக்கும் போனார்.

"அண்ணே, தலையில என்ன?" என்றார் அடுக்குமாடி வாட்ச்மேன்.

"சாம்பிள்."

வாட்ச்மேன் அன்று முழுக்க லிஃப்ட் பக்கமே வரவில்லை.

சாயங்காலம் மனைவி ஜன்னலோரம் நிறுத்திவைத்துத் தீர்ப்புச் சொன்னாள். "விக்கு, பூனை படுத்த மாதிரி இருக்கு. பவுடர் தூரத்துல பரவாயில்ல. இந்தக் கோடு எதுக்கு, மடிச்சுத் தைக்கவா?"

போட்டோவுக்குப் பவுடர் என்று முடிவாயிற்று. திங்கட்கிழமையையும் கையில் வைத்துக்கொண்டார். மறைப்பது மனசுக்கு ஒப்பவில்லைதான். ஒரே ஒரு நாள்தானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்.

போர்டு ஏறியது. கருகருவென்று தலை நிறைய முடியோடு, பிரஷ்ஷைத் துப்பாக்கி மாதிரி பிடித்துக்கொண்டு ஒரு ஆள் நாலு தெருவையும் பார்த்துச் சிரித்தான்.

மூன்றாம் நாள், ஒரு கணக்கு டீச்சர் போர்டைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போன் செய்தார். மூன்றாவது மாடி. கதவைத் திறந்தவர், பவுடர் இல்லாமல் வந்து நின்ற பெயிண்டரை மேலும் கீழும் பார்த்தார்.

"போர்டுல இருக்கிறவர் வரலையா?"

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். வந்தது வேறு.

"அவர் எங்க அண்ணன்ம்மா. வேற வேலையில இருக்கார்."

"அண்ணனா? உங்களவிடச் சின்னவரா இருக்காரே."

"கவலை இல்லாத ஆளு."

நாலு நாள் வேலை. முடிந்ததும் டீச்சர், "உங்க அண்ணன் ஒரு தடவ வந்து பாத்துச் சரின்னு சொல்லட்டும்" என்று நின்றுவிட்டார்.

வீட்டில் மனைவிக்குக் கொண்டாட்டம். "உங்க அண்ணனுக்கு எந்தச் சட்டைய இஸ்திரி போடணும்? அவருக்கு என்னைப் பிடிக்குமா?"

"நீ வேற ஏன் கடுப்பேத்தற?"

மறுநாள் சாயங்காலம் பவுடரும் இஸ்திரிச் சட்டையுமாக, குரலைக் கொஞ்சம் கனமாக்கிக்கொண்டு போனார். மூன்று மாடி. லிஃப்ட் ஓடவில்லை. "பிரமாதம்" என்று சொல்லிவிட்டுத் திரும்புவதாகத்தான் திட்டம். ஆனால் மேற்கு ஜன்னல் வெளிச்சம் மூலையில் விழுந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் மனுஷன் எல்லாவற்றையும் மறந்துவிட்டார்.

"யாரு அடிச்சது இத? ரெண்டாவது கோட் இங்க வரவே இல்ல! கண்ணு பொடனியிலயா இருந்துது?"

"திட்டாதீங்க, பாவம்" என்றார் டீச்சர். "தனியா ஏணியில ஏறி இறங்கறார்."

"வேலைன்னா வேலைம்மா. நாளைக்கு அனுப்பறேன். வந்து சரிபண்ணட்டும்."

காலையில், அனுப்பப்பட்ட தம்பி பிரஷ்ஷோடு வந்தார். டீச்சர் உட்காரவைத்து டீ கொடுத்தார். குரலைத் தணித்துக்கொண்டார்.

"உங்க அண்ணன் நேத்து உங்களப் பத்தி ரொம்ப மோசமாப் பேசினார்."

"அப்படியா."

"மனசுல வச்சுக்காதீங்க. அந்த ஆளு முடியே பொய்யி. வேர்வையில காது வரைக்கும் கறுப்பா வழிஞ்சுது. நான் பாக்காத மாதிரி இருந்துட்டேன். தலையிலயே மறைக்கிறவர் சுவத்துல என்னத்தத்தான் மறைக்க மாட்டார்? எங்க ஸ்கூல்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், அந்த போர்டு ஆளக் கூப்பிடாதீங்கன்னு. நீங்க மட்டும் தனியா தொழில் பண்ணுங்க. நல்லா வருவீங்க."

பெயிண்டர் காதோரத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். டீயைக் குடித்து முடித்தார். மூலையைச் சரிசெய்தார். அது பிரமாதமாக வந்தது. கீழே இறங்கியதும் முடி டாக்டருக்குப் போன் போட்டார்.

"சார், திங்கட்கிழமை வேண்டாம். போர்டுக்கு ஏத்த மாதிரி தலைய மாத்த ஒரு வருஷம் ஆகும்ங்கறீங்க. தலைக்கு ஏத்த மாதிரி போர்ட மாத்த எனக்கு அரை நாள் போதும்."

"எந்த போர்டு?" என்றார் டாக்டர்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், நாலு தெரு கூடும் இடத்தில் ஏணி சாய்ந்திருந்தது. பெயிண்டர் போர்டு ஆளின் முடியை உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் அடித்து, காயவிட்டிருந்தார். கீழே முதலாளி குதித்தார்.

"யோவ், நல்லா இருக்கிற முடிய எவனாவது மொட்டையடிப்பானா?"

"ரெண்டு கோட் அடிச்சுத் தர்றேன் முதலாளி. உங்களுக்கு ஃப்ரீ."

டப்பாவில் பழுப்பும் மஞ்சளும் ஒரு சொட்டுச் சிவப்பும் கலந்து, மேலே ஒரு ஓரத்தில் இழுத்துக் காட்டினார். மனைவி நடுத்தெருவில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாள். ஒரு பஸ் அவளுக்காக நின்றது.

"இன்னும் கொஞ்சம் குனிங்க. வெயில்ல காட்டுங்க" என்றாள்.

அவர் ஏணியைப் பிடித்துக்கொண்டு தலையை வெயிலில் நீட்டினார். அவள் போர்டையும் தலையையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். பஸ்ஸில் இருந்தவர்களும் பார்த்தார்கள்.

"நிறம் சரிதாங்க. உங்களுது இன்னும் கொஞ்சம் மின்னுது."

"அப்போ இது சரிவராது" என்றார் அவர். "அந்தப் பளபள டப்பாவ எடுத்துக் குடு."