இரண்டு தோட்டத்து ரத்தம்

ஆஸ்பத்திரி லேபில் மனுஷ ரத்தம் பார்த்தே தலை நரைத்தவள் நான். மலேரியா ஸ்லைடா, கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன் என்று கொஞ்சம் கர்வம்கூட உண்டு. ஓய்வுபெற்று ஸ்ரீவராகத்து வீட்டில் சும்மா இருந்தவளைத் தேடி ஓர் ஆராய்ச்சி மாணவி வந்தாள். கொண்டைக்குருவிகளை வலையில் பிடித்து, ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக்கொண்டு பறக்கவிடுவாளாம். அதில் கொசு பரப்பும் பறவை மலேரியா இருக்கிறதா என்று நான் சொல்ல வேண்டும். மைக்ராஸ்கோப்பையும் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டாள்.

முதல் ஸ்லைடைப் பார்த்ததும், அத்தனை அணுவிலும் கிருமி, இது எப்படி உயிரோடு இருக்கிறது என்று பதறிவிட்டேன். பறவைகளின் சிவப்பணுவில் உட்கரு உண்டு, மனுஷருக்குத்தான் கிடையாது என்று சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினாள். என் கர்வம் அன்றோடு அடங்கியது.

ஸ்லைடுகள் இரண்டு இடத்திலிருந்து வந்தன. ஒன்று பொன்முடி போகும் வழியில் அவள் அப்பாவின் பழைய தோட்டம். பலா, மா, மிளகுக்கொடி எல்லாம் கலந்து நிற்பது. மற்றது பக்கத்து ரப்பர் தோட்டம். ரப்பர் பால் பிடிக்கிற சிரட்டைகளில் மழைநீர் தேங்கிக் கொசு பெருகும், அங்கேதான் நோய் அதிகம் என்று அவள் நம்பினாள். ஸ்லைடில் எண் மட்டும் இருக்கும், எது எந்த இடம் என்று என்னிடம் சொல்லமாட்டாள். தெரிந்தால் கண் ஒரு பக்கம் சாய்ந்துவிடுமாம். அவள் மனசு எந்தப் பக்கம் என்பதோ எனக்கு நன்றாகத் தெரியும். அப்பா மரங்களை வெட்டி ரப்பர் வைக்க ஆள் பேசிவிட்டார். ரப்பரால் பறவைகளுக்கு நோய் என்று நிரூபித்தால் வெட்டாமல் விட்டுவிடுவதாகச் சொல்லியிருந்தாராம்.

நிரூபிக்க முடியவில்லை. எண்களை இடவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது இரண்டு இடத்திலும் நோய் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது.

"மாமி, ஒண்ணுகூடி நோக்குமோ?" என்றாள், இன்னொரு தடவை பார்க்கச் சொல்லி.

எனக்குக் கோபம் வந்தது. அவள்மேலா, அந்த அப்பாமேலா, தெரியவில்லை. "நோக்கறதுக்கு என்னடி இருக்கு? இருக்கறதைத்தானே சொல்ல முடியும்" என்றேன். சொன்னேனே தவிர, எல்லாவற்றையும் மறுபடி பார்த்தேன். ஒன்றும் மாறவில்லை. அவளும் உள்ளதை உள்ளபடி அப்பாவிடம் சொன்னாள். வெட்டிவிட்டார்கள்.

அடுத்த மழைக்காலத்தில் இரண்டு இடத்திலும் மறுபடி வலை கட்டப் போனாள். நானும் லென்ஸைத் துடைத்துவைத்துக் காத்திருந்தேன். வெறுங்கையோடு வந்தாள். அப்பாவின் இடத்தில் ஒன்றும் சிக்கவில்லை. மரமே இல்லாத இடத்தில் என்ன சிக்கும்? ஆனால் பக்கத்து ரப்பரிலும் வலை காலி.

"அங்கே அன்னைக்குப் பிடிச்ச பட்சியும் எங்க பலாவில தங்கினதுதான் மாமி. அதுகொண்டுதான் ரெண்டும் ஒண்ணுபோல இருந்தது" என்றாள்.

நோயோடாவது அதுகள் இருந்திருக்கலாமே என்று நினைத்துக்கொண்டே மைக்ராஸ்கோப்பை மூடிவைத்தேன்.