பேக்கேஜ் மேனேஜர் கேட்ட மன்னிப்பு

இன்று திண்டிவனத்தில் விழுப்புரம் பஸ் ஏறினேன். முன் சீட்டில் இருந்தவர் திரும்பினார். எங்கள் குழுவின் குமரன் சார்.

பள்ளிக் கணினிகளுக்காக நாங்கள் சிலர் சேர்ந்து லினக்ஸில் ஓர் இயங்குதளம் செய்கிறோம். மென்பொருள்களை நிறுவ எந்தப் பேக்கேஜ் மேனேஜர் என்று போன வருடம் பேச்சு வந்தது. பலரும் பயன்படுத்திப் பழகியதையே எடுப்போம் என்றேன்.

"டைப்பிங் சென்டர் நடத்துற பொண்ணுக்கு இதெல்லாம் புரியாதும்மா" என்று எங்கள் குரூப்பில் எழுதிவிட்டு, தானே உருவாக்கிய ஒன்றைச் சேர்த்தார் சார்.

இன்று குரல் இறங்கியிருந்தது. "மயிலம் பக்கத்துல ஒரு ஸ்கூல்ல என் பேக்கேஜ் மேனேஜர வெச்சு அப்டேட் போட்டேன்மா. எல்லா சிஸ்டமும் படுத்துக்கிச்சு. ரெண்டு நாளா பேஜாரு. வந்து பாக்குறியா?"

"வர்றேன் சார். மொதல்ல அதே குரூப்புல, நான் சொன்னதுதான் சரின்னு எழுதுங்க."

"இப்பவேவா?"

"பாத்துக்கினுதான் இருக்கேன். எழுதுங்க."

'சில தொழில்நுட்பக் காரணங்களால்' என்று ஆரம்பித்தார். அழிக்கச் சொன்னேன். முண்டியம்பாக்கம் வருவதற்குள் மூன்று முறை திருத்த வைத்து, என் பெயரை முழுதாகப் போட்ட பிறகே அனுப்ப விட்டேன்.

நாளை போய்ச் சரிசெய்து கொடுப்பேன். பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்?

சாரின் பதிவுக்கு இதுவரை ஒரே ஒரு லைக். அதுவும் நான் போட்டது. குரூப்பில் இருப்பவர்களே, இன்னும் தூங்குகிறீர்களா?