வலப்புறம் துடித்த நெஞ்சம்

எங்கள் தங்கை மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்நினைவு மலரைக் கையில் ஏந்தும் உறவினர்க்கும் நண்பர்க்கும், குடும்பத்தில் மூத்தவன் என்னும் முறையில் சில செய்திகளைப் பதிவு செய்கிறேன். துயரத்தை விரித்துரைப்பது என் நோக்கமன்று. அவரும் அதனை விரும்பியிருக்க மாட்டார்.

புக்கிட் மேராவின் வாடகை அடுக்ககம் ஒன்றில் எங்கள் பெற்றோர்க்கு இளைய மகளாகப் பிறந்தார். பள்ளியில் எடுத்த ஊடுகதிர்ப் படத்தில் அவர் இதயம் வலப்புறம் தெரிந்தது. படம் புரண்டுவிட்டது எனக் கருதி மீண்டும் எடுத்தனர். மீண்டும் அவ்வாறே தெரிந்தது. உள்ளுறுப்புகள் யாவும் கண்ணாடியில் காண்பதுபோல் இடம் மாறி அமைந்திருந்தன. அதனால் ஊறு ஏதுமில்லை என்றனர் மருத்துவர். எனினும் திருமணம் தடைப்படுமோ என அஞ்சிய அன்னையார், இதை வெளியே சொல்லலாகாது என்று விதித்தார்.

பெண் பார்க்க வந்தவர்கள் முன்னிலையிலேயே தங்கை அவ்விதியை மீறினார். தேநீர்த் தட்டை வைத்துவிட்டு மாப்பிள்ளையிடம், "ஒரு விஷயம். எனக்கு ஹார்ட் வலப்பக்கம் இருக்கு. அப்புறம் ஏமாத்திட்டாங்கன்னு சொல்லக்கூடாது" என்றார். அன்னையார் முகம் வெளிறிற்று. மாப்பிள்ளை சற்று எண்ணிப் பார்த்தார்.

"மனைவி புருஷனுக்கு இடப்பக்கம்தானே உட்காரணும்? எனக்கு ஹார்ட் இடப்பக்கம், உங்களுக்கு வலப்பக்கம். ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல இருக்கும். நல்லதுதான்."

அவரே என் மைத்துனர்.

மணமானபின் இருவரும் தெம்பனிஸில் குடியேறினர். தங்கை விடியுமுன்னரே நிறுவனப் பேருந்தில் ஜூரோங் தொழிற்சாலைக்குச் செல்வார். இரு பெண்மக்களைப் படிக்க வைத்தார். வெள்ளிதோறும் லிட்டில் இந்தியா கோயிலொன்றில் பதிகம் பாடுவார். கடிந்து பேசத் தயங்காதவர். கடிந்த சூட்டோடு உணவு பரிமாறவும் தயங்காதவர்.

ஓய்வு பெற்றபின் இதயத்தின் மேலறை ஒழுங்கின்றி நடுங்கத் தொடங்கிற்று. மருந்துகள் பயன் தரவில்லை. ஒரு வெள்ளியன்று பதிகத்தின் இடையிலேயே நிறுத்திவிட்டு அமர்ந்தார். "மூச்சு பாதியிலேயே இறங்கிப் போயிடுது அண்ணா" என்றார். அதன்பின் கோயிலுக்கு வந்தும் பாடவில்லை.

தொடையின் நாளம் வழியே மென்குழாயை இதயத்துக்குள் செலுத்தி, நடுக்கத்தைத் தூண்டும் இடங்களைச் சுட்டு அடக்கும் சிகிச்சை உண்டு என்றார் மருத்துவர். பலர்க்கு அதைச் செய்தவர். ஆயினும் இடம் மாறிய இதயத்தில் செய்ததில்லை என்பதையும் மறைக்கவில்லை. குழாய் செல்லும் திசை யாவும் எதிராகும். நடுச்சுவரைத் துளைக்கும் ஊசி சற்றே பிறழினும் உயிர்க்கு இடர். வெளியே வந்ததும் மைத்துனர் என் கையைப் பற்றினார்.

"வேணாம் மச்சான். பாடாட்டியும் பரவால்ல. அவ இருந்தா போதும்."

தங்கைக்கு அது கேட்டுவிட்டது. "வாயை மூடிட்டு இருக்கறதுக்கு நான் எதுக்கு லா? நீங்க ரேடியோ வாங்கி வச்சுக்குங்க." மறுநாள் மைத்துனரே மருத்துவமனைக்குத் தொலைபேசியில் இசைவு தெரிவித்தார்.

மருத்துவர் தங்கையின் இதயத்தைப் பலகோணங்களில் படமெடுத்து, திரையில் இடவலமாகத் திருப்பி வைத்து, கை பழகும்வரை ஒத்திகை பார்த்தார். சிகிச்சை நாளன்று, இளம் தமிழ்ச் செவிலி ஒருவர் பழக்கத்தால் துடிப்புப் பதிவுக் கம்பிகளை இடப்புறம் ஒட்டிவிட்டார். கருவி காட்டிய கோடு அவரைத் திகைக்க வைத்தது.

"அந்த வீட்டுல ஆள் இல்லம்மா. எதிர் வீட்டைத் தட்டுங்க" என்றார் தங்கை.

செவிலி சிரித்துவிட்டார், மைத்துனர் சிரிக்கவில்லை. சிகிச்சை நீண்டது. வெளிவந்த மருத்துவர் முகக்கவசத்தை நீக்கிக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். மைத்துனர் அங்கிருந்த நாற்காலியில் அமர்ந்து, நெடுநேரம் எழவில்லை.

சில வாரங்களில் தங்கை இடையில் நின்றுபோன பதிகத்தை முதலிலிருந்து பாடி முடித்தார். அதன்பின் சில ஆண்டுகள் துடிப்பு சீராக இருந்தது. இறுதியில் அவரைக் கொண்டுசென்றது நுரையீரல் தொற்று, இதயம் அன்று. படுக்கையின் இடப்புறம் இடப்பட்டிருந்த நாற்காலியை மைத்துனர் நாள்தோறும் வலப்புறம் மாற்றி அமர்ந்தார்.

துணிந்து கைவைத்த மருத்துவர்க்கும், செவிலியர்க்கும், இறுதி நாள்களில் கஞ்சி காய்ச்சி அனுப்பிய எதிர்வீட்டு மலாய் அம்மையார்க்கும், உடன் பாடிய மகளிர்க்கும், தோள்கொடுத்த உறவினர் யாவர்க்கும் எங்கள் குடும்பம் கடப்பாடுடையது.

ஒரு குறிப்பு. அட்டையிலுள்ள திருமணப் படத்தை அச்சகத்தார் பக்க அழகு கருதி இடவலமாகத் திருப்பியிருந்தனர். எனக்கு வேறுபாடு புலப்படவில்லை. மைத்துனர், தங்கை தம் வலப்புறம் நிற்பதைக் கண்ட உடனே திருத்தச் சொன்னார், அவ்வாறே திருத்தப்பெற்றது.

"இப்படிப் போட்டா அவ தூரமாப் போயிடுவா, மச்சான்."