அதிக வோல்ட் நல்லது என்று நினைத்தேன்

மனைவி போனபிறகு மலேசியாவின் கிள்ளானில் தனியாக இருக்கிறேன். பழைய ஆம்பிளிபையருக்காக, பிளஸ் மைனஸ் பன்னிரண்டு வோல்ட் தரும் பவர் சப்ளையை நானே செய்தேன். பதினைந்து வோல்ட் டிரான்ஸ்பார்மரே போதும். கூடுதலாக இருந்தால் நல்லதுதானே என்று இருபத்துநான்கு வாங்கினேன். ஏசி டிசியாக மாறும்போது வோல்ட் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும் என்பதை மறந்த மடையன் நான். சுவிட்ச் போட்டதும் இருபத்தைந்து வோல்ட் வரைதான் தாங்கும் கெப்பாசிட்டர் வெடித்து மூக்குக்கண்ணாடியில் தெறித்தது. கண் தப்பியது. என்ன சத்தம் என்று கேட்க ஆளில்லை. யாராவது ஓடி வந்தாலும் உள்ளே வர முடியாதபடி வாசல் கிரில் கதவும் பூட்டியிருந்தது.

இப்போது கணக்குப் போட்டுத்தான் வாங்குகிறேன். கிரில்லைத் திறந்து வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குக் குரல் கொடுக்கிறேன்.

“அக்கா, சுவிட்ச் போடப் போறேன் லா!”

“போடுங்க அண்ணே, இங்கதான் இருக்கேன்.”

ஆம்பிளிபையர் எப்போதோ பாட ஆரம்பித்துவிட்டது. நான் இன்னும் தினமும் குரல் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.