மல்சுன் அக்காவின் அட்வான்ஸ் சாவு

எங்கள் சம்சோன்போ துறைமுகச் சந்தையில் ஒரு பெண்ணைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவளுக்குப் பிள்ளை இல்லை என்று அர்த்தம். மீனை அரைத்துப் பொரித்து மீன் கேக் விற்கும் நான் ஹான்சோல் அம்மா. எதிரே கடற்பாசி விற்பவள் போமி அம்மா. என் சொந்தப் பெயர் என் புருஷனுக்கே சட்டென்று வாயில் வராது. பக்கத்துக் கடையில் காய்ந்த நெத்திலி விற்கும் அக்காவை மட்டும் சந்தை முழுக்க மல்சுன் என்றே கூப்பிட்டது. வரிசையாகப் பெண்ணாகவே பிறந்துகொண்டிருந்த வீட்டில், இத்தோடு போதும் என்று அப்பா வைத்த பெயர் அது. அடுத்ததும் பெண்ணாகத்தான் பிறந்தது. அதற்கு மல்சுன் அக்கா பொறுப்பில்லை என்றாலும் திட்டு என்னவோ அவளுக்குத்தான் விழுந்ததாம்.

அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். அவளைக் கேட்டால், "நேரம் இல்ல, உங்க கல்யாணத்துக்கெல்லாம் வசூல் பண்றதுக்கே சரியா இருந்துச்சு" என்பாள். பாதி உண்மை அது.

எங்களுக்கு ஒரு சங்கம் உண்டு. யார் வீட்டில் நல்லது கெட்டது நடந்தாலும் கடைக்கு இவ்வளவு என்று மொய் போட வேண்டும். பிள்ளை கல்யாணம், பேரப்பிள்ளைக்கு முதல் வருஷம் நிறைவது, அப்பா அம்மா சாவு, எல்லாவற்றுக்கும் விதி இருக்கிறது. இது போக, சந்தைக் கக்கூஸுக்குக் கூரை, பள்ளிக்கூடப் பையன்களின் பந்தாட்டத்துக்குச் சப்பாத்து, தீப்பிடித்த கடைக்காரனுக்கு அரிசி மூட்டை என்று நடுநடுவே வந்துகொண்டே இருக்கும். இதையெல்லாம் வசூல் செய்ய மல்சுன் அக்காவைத் தேர்ந்தெடுத்தபோது சொன்ன காரணத்தைக் கேளுங்கள். பிள்ளை குட்டி இல்லாதவள், பணத்தை எடுத்துக்கொண்டு போய் என்ன செய்துவிடப் போகிறாள். இதை அவள் முகத்துக்கு நேரேயே சொன்னார்கள். அவளும் எழுந்து குனிந்து நன்றி சொன்னாள்.

அன்றிலிருந்து பழைய பிஸ்கட் டப்பா ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவள் வந்தால், நாங்கள் "யாருக்கு?" என்று மட்டும்தான் கேட்போம். வாடிக்கையாளரோடு ரொம்ப மும்முரமாகப் பேசுகிற மாதிரி திரும்பிக்கொள்வதும் உண்டு. அவள் போக மாட்டாள். நின்று, என் மீன் கேக்கை ஒன்று எடுத்துத் தின்றுகொண்டிருப்பாள். பணம் கொடுப்பது லாபம் என்று தோன்றும் வரை தின்பாள்.

கல்யாணம் என்றால் அவள் வேலை இன்னும் ஒரு படி மேலே. மண்டபத்து வாசலில் மொய் மேசை போட்டிருக்கும் இல்லையா, அதற்குப் பின்னால் உட்கார வேண்டும். வெள்ளை உறையை வாங்கி, சாப்பாட்டுச் சீட்டைக் கொடுக்க வேண்டும். எங்கள் ஆட்களைப் பற்றித்தான் தெரியுமே, உறையைக் கொடுத்துச் சீட்டை வாங்கியதும் நேரே கீழே சாப்பாட்டுக்கு ஓடிவிடுவார்கள். பெண்ணுக்கு மூக்கு எந்தப் பக்கம் என்றுகூடப் பார்க்க மாட்டார்கள். மல்சுன் அக்கா சாப்பிடவும் போக முடியாது, உள்ளேயும் போக முடியாது. உறைகளை விட்டு நகர்ந்தால் அவ்வளவுதான். கதவு சாத்தியிருக்கும். உள்ளே பாட்டுக் கேட்கும், கைதட்டல் கேட்கும். அடுத்த கல்யாணக்காரர்கள் வந்து மேசையைக் காலி பண்ணச் சொல்லும்போது இவள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவாள். சந்தையில் நடந்த அத்தனை கல்யாணத்துக்கும் போனவள் அவள் ஒருத்திதான். ஒரு கல்யாணத்தையும் பார்க்காதவளும் அவள்தான்.

எங்கள் சங்கத் தலைவர் பன்றிக்கறிக் கடை பியோ. மூன்று பெண்ணையும் ஒரு பையனையும் கட்டிக்கொடுத்தவர். அப்பா, அம்மா, மாமனார், மாமியார் எல்லோரையும் ஒழுங்காக, ஒருவர் பின் ஒருவராக, போதிய இடைவெளி விட்டு அனுப்பிவைத்தவர். சங்கத்துப் பணத்தில் பாதி அவர் வாசலில்தான் போய் விழுந்திருக்கும். யாராவது ஜாடையாகச் சொன்னால், "மொய்க்காகவா பெத்தேன்?" என்பார். மல்சுன் அக்காவின் அப்பா அம்மாவோ அவள் சங்கத்தில் சேர்வதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அந்த விஷயத்தில் அவர்களுக்குக் கொஞ்சமும் பொறுப்பு இல்லை.

போன இலையுதிர் காலத்தில் ஒரு மத்தியானம், வியாபாரம் இல்லாத நேரம், அவளோடு உட்கார்ந்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தேன்.

"ஹான்சோல் அம்மா, எனக்கு அடுத்த மாசம் அறுபது நிறையுது."

"பார்த்தா தெரியலயே அக்கா."

"பொய் சொன்னாலும் கையை நிறுத்தாம சொல்லு." கொஞ்ச நேரம் கிள்ளினாள். "எனக்குன்னு ஒரு தடவை எல்லாரும் வரணும்டி. உறையை நீட்டிட்டு ஓடறது இல்ல. வந்து உட்காரணும். என்னைப் பார்த்து உட்காரணும். சங்கத்துல கேக்கப் போறேன்."

அவள் எங்களிடம் தனக்கென்று ஒன்று கேட்டு நான் பார்த்ததே இல்லை. இல்லை என்று சொல்லிவிட்டால் இந்த மனுஷி மறுநாள் எந்த முகத்தோடு டப்பாவைத் தூக்கிக்கொண்டு வருவாள் என்று நினைத்தேன். எங்கள் சங்கத்தை எனக்கு நன்றாகத் தெரியும். இல்லை என்றுதான் சொல்லும்.

நூடுல்ஸ் கடை மாடியில் கூட்டம். காகித டம்ளரில் காப்பி வந்ததும் மல்சுன் அக்கா எழுந்து, தன் அறுபதுக்கு மொய் விருந்து வைக்க வேண்டும் என்றாள். பியோ தலைவர் தொண்டையைச் செருமினார்.

"அறுபதை நாமதானேம்மா விதியிலேருந்து எடுத்தோம். இப்பல்லாம் எல்லாரும் தொண்ணூறு வரைக்கும் இருக்காங்க, அறுபது என்ன பெரிய சாதனையான்னு பேசி எடுத்தோம். நீங்களும் கை தூக்கினீங்க."

"தூக்கினேன். அப்ப எனக்கு நாப்பத்தஞ்சு."

"அப்ப கல்யாணத்துல சேக்கலாமே" என்றாள் போமி அம்மா. நல்லவள், ஆனால் யோசிக்காமல் பேசுவாள்.

"மாப்பிள்ளை?" என்றார் தலைவர்.

ஐஸ் வண்டிக்காரர் மனைவியை இழந்தவர், ஒரு நாளைக்கு மட்டும் கேட்டுப் பார்க்கலாம் என்று ஒருவர் சொன்னார். ஐஸ் வண்டிக்காரர் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தார். அவர் காப்பிக்குள் பார்த்தார். பிறகு முதல் வருஷ விழாவில் சேர்க்க முடியுமா என்று பார்த்தார்கள். அதற்கு ஒரு குழந்தை தேவைப்பட்டது. அக்கா ஒரு பூனை வளர்க்கிறாள், அதற்கு வயது என்ன என்று ஒருவர் நிஜமாகவே கேட்டார். ஒரு மனுஷி அறுபது வருஷம் இருந்திருக்கிறாள், அதைப் போட ஒரு தலைப்பு கிடைக்கவில்லை எங்களுக்கு. எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் வாயைத் திறக்கவில்லை, காரணம் சிரித்தவர்களில் நானும் ஒருத்தி.

தலைவர் விதிப் புத்தகத்தை மூடினார். "எல்லாத்தையும் பார்த்தாச்சு. மிச்சம் இருக்கறது சாவு ஒண்ணுதான். வேணுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். மல்சுன் அக்கா சிரிக்கவில்லை.

"குடுங்க" என்றாள்.

"என்னது?"

"என் சாவு மொய்யை இப்பவே குடுங்க. எப்படியும் சாகத்தானே போறேன். அன்னைக்கு வாசல்ல நின்னு வாங்கறதுக்கு எனக்குப் பிள்ளை இல்ல. திருப்பி டப்பாவுலதான் போடுவீங்க. போட்டு, கோடையில எங்கயாவது பஸ் பிடிச்சு ஊர் சுத்தப் போவீங்க. அந்த பஸ்ஸுல நான் இருக்க மாட்டேன்."

கோடையில் பஸ் பிடித்துப் போகிறவர்கள்தான் நாங்கள்.

தலைவர் அவசரமாகப் புத்தகத்தைத் திரும்பத் திறந்து ஒரு விதியைக் கண்டுபிடித்தார். "உறுப்பினர் சாவு மொய் குடுத்தாச்சுன்னா பேரை எடுத்துடணும். செத்தவங்க சங்கத்துல இருக்க முடியாதும்மா. வசூலும் பண்ண முடியாது. யோசிச்சுக்கோங்க."

"அதுக்கு மேல இருக்கற விதியையும் படிங்க."

அவர் படித்தார். உறுப்பினர் சாவுக்கு எல்லோரும் நேரில் வர வேண்டும், உறையை இன்னொருவர் கையில் கொடுத்தனுப்பக் கூடாது, வந்தவர்கள் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கல்யாணத்துக்கு வராமல் தப்பித்துவிடலாம், சாவுக்கு எங்கள் ஊரில் யாரும் வராமல் இருக்க முடியாது. இதைத்தான் அவள் வீட்டிலிருந்து கிளம்பும்போதே நினைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். தலைவர் தாமே சொன்னதை எப்படித் திரும்ப வாங்குவார். கை தூக்கச் சொன்னார், தூக்கினோம்.

பிறகு எங்களுக்கும் உற்சாகம் தொற்றிக்கொண்டது. செய்வதைச் சரியாகச் செய்வோம் என்று பூக்கடைக்குச் சொல்லி மூன்று அடுக்கு மலர்வளையம் வாங்கினோம். நாடாவில் வேறு எதுவும் எழுத வேண்டாம், சும்மா வாழ்த்து என்று போடச் சொன்னோம். பூக்கடைக்காரன் கைப்பழக்கத்தில் 'ஆன்மா சாந்தியடைக' என்றே எழுதி அனுப்பிவிட்டான். சாவு வீட்டில் மாதிரி நடுவில் வைக்க அக்கா படம் ஒன்று வேண்டும் என்றாள் போமி அம்மா. நான் என் தங்கை கல்யாண ஆல்பத்தைப் புரட்டினேன். அவள் தன் பெண்ணின் ஆல்பத்தைப் பார்த்தாள். தலைவர் வீட்டிலிருந்து நான்கு ஆல்பங்கள் வந்தன. எல்லாவற்றிலும் சந்தை முழுக்க வரிசையாக நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. மல்சுன் அக்கா ஒன்றில்கூட இல்லை. படம் எடுக்கும்போதெல்லாம் அவள் வெளியே எங்கள் உறைகளைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஆல்பங்களை மூடி வைத்தோம். படம் வேண்டாம் என்று முடிவானது.

விருந்தன்று நான் மாடிக்கு ஏறியபோது வாசலில் மேசை போட்டு, அதன் பின்னால் மல்சுன் அக்காவே உட்கார்ந்திருந்தாள். உறையை வாங்கி எனக்குச் சாப்பாட்டுச் சீட்டு நீட்டினாள்.

"அக்கா, பொணம் வாசல்ல உட்கார்ந்து மொய் வாங்குமா? எந்திரி."

"வேற யாரை நம்பி விடறது?"

கையைப் பிடித்து இழுத்து நடுக்கூடத்தில், மலர்வளையத்துக்கு முன்னால் உட்காரவைத்தேன். பியோ தலைவர் கறுப்புக் கோட்டில் வந்தார். அவருக்கு மலர்வளையத்தைப் பார்த்ததும் உடம்பு தானாக வேலை செய்யும். மண்டியிட்டு ஒரு கும்பிடு போட்டார். எழுந்து, இரண்டாவதும் போட்டார். உயிரோடு இருப்பவருக்கு ஒன்று, செத்தவருக்கு இரண்டு. நெற்றி பாயில் இருக்கும்போதே அவருக்கு விளங்கிவிட்டது, தலையைத் தூக்க முடியவில்லை.

"பரவாயில்ல தலைவரே" என்றாள் அக்கா. "ரெண்டாவதை வாங்கி வச்சுக்கறேன். அப்புறம் முழங்கால் வலியோட வந்து செய்ய வேண்டாம்."

அவள் கடை நெத்திலியில் வைத்த சாற்றில் நூடுல்ஸ். எல்லோரும் உட்கார்ந்தோம். சாப்பிட்டோம், சீட்டாடினோம். ஐஸ் வண்டிக்காரர் கேட்காமலே ஒரு பாட்டுப் பாடினார். விளக்குப் போடுகிற நேரம் வரைக்கும் ஒருவரும் கிளம்பவில்லை, விதி இருந்ததால் அல்ல. சீட்டில் ஜெயித்ததும் மல்சுன் அக்காதான். மொய்ப் பணத்தை அவள் என்ன செய்தாள் என்று யாரும் கேட்கவில்லை, இறந்தவரிடம் கணக்குக் கேட்பது மரியாதை இல்லை.

மறுநாள் அவள் பெயரை எடுத்தார்கள். டப்பாவை வாங்கிக்கொள்ள ஆள் கிடைக்கவில்லை. எல்லோருக்கும் பிள்ளை குட்டி இருந்தது, ஆகவே ஒருவரையொருவர் நம்ப வழியில்லை. கடைசியில் தலைவர் என்ற முறையில் பியோவே எடுத்துக்கொண்டார்.

வசந்த காலத்தில் என் பையன் ஹான்சோலுக்குக் கல்யாணம். மல்சுன் அக்காவுக்கு மொய் போடும் கடமை இல்லை, வருவாளா என்று எனக்குச் சந்தேகம். வந்தாள். ஊதா நிறப் பட்டு உடுத்தி, கையை வீசிக்கொண்டு, உறையில்லாமல் வந்தாள். மொய் மேசையில் வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்த பியோ தலைவர் பழக்கத்தில் கையை நீட்டினார்.

"நான் செத்துட்டேன் தலைவரே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய், இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தாள்.

மாப்பிள்ளையின் அம்மா செய்கிற வழக்கப்படி நான் மேடையில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டுத் திரும்பும்போது அவளைப் பார்த்தேன். கதவு திறந்து பெண் நடந்து வந்தாள். எல்லோரும் கைதட்டினார்கள், மல்சுன் அக்கா தட்டவில்லை. பெண் கடந்து போகிற வரைக்கும் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பக்கத்தில் இருந்த போமி அம்மாவிடம் என்னவோ கேட்டாள். அது என்னவென்று பிறகு விசாரித்தேன். "ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் நடந்துச்சா?" என்று கேட்டாளாம். எனக்கு அழுகை வந்துவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா அழுவது வழக்கம்தான் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

தெரிந்தவர்கள் எல்லோரையும் சேர்ந்து படம் எடுக்க வரச் சொன்னதும் அவள் கால் வாசல் பக்கம் திரும்பியது. நான் மேடையிலிருந்தே கத்தினேன். "அக்கா, எங்க போறே? இங்க வா."

ஆல்பம் போன வாரம் வந்தது. மல்சுன் அக்கா என் மருமகளுக்குப் பின்னால் சரியாக நடுவில் நிற்கிறாள், இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு. "எடுத்து வச்சுக்கோ, பின்னால தேவைப்படும், பொருத்தமாத்தான் இருக்கு" என்றாள். மருமகள் சந்தைக்காரர்களை ஒவ்வொருவராகக் காட்டி யார் யார் என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

"தலைவர்னு சொன்னீங்களே, அவரு இதுல எங்க இருக்காரு, அத்தை?"

"அவரு இருக்க மாட்டாரு" என்றேன். "வெளியில மேசையில இருந்தாரு."