கொடியில் மாட்டிய பதினொரு ஜெர்சி

எழுத்தில் பிழை இருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். நான் நாலாம் வகுப்போடு நின்றவள். நினைவும் முன்னைப்போல் இல்லை. ஒன்றைச் சொல்ல வந்து வேறெங்கோ போய்விடுகிறேன். இரங்கல் கூட்டத்தில் எழுந்து பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் நினைவு மலருக்கு எழுதியே கொடுத்துவிடுகிறேன்.

போன மாதம் காலமான எங்கள் மேனேஜர் அண்ணனைக் காக்ஸ் டவுன் பக்கம் தெரியாதவர்கள் குறைவு. முதலில் ஃபுட்பால் ஆட்டக்காரர். முழங்கால் போன பிறகு அதே டீமுக்கு மேனேஜர். அந்த டீமின் ஜெர்சிகளை இருபது வருடத்துக்கு மேல் துவைத்தவள் நான். செம்மண் கறை போக எப்படித் தேய்க்க வேண்டும் என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன். அது இருக்கட்டும்.

ஆட்டத்தில் இறங்கும் பதினொரு பேர் யார் என்று அவர் வாயால் சொல்ல மாட்டார். ஒருத்தன் முகத்தைப் பார்த்து நீ இல்லை என்று சொல்ல அவருக்கு வராது. ஆட்டத்தன்று காலையில் எங்கள் லைன் வீட்டுப் பின்பக்கம் வந்து, துவைத்து வைத்த பதினாறு ஜெர்சியில் பதினொன்றைத் தன் கையால் கொடியில் மாட்டிவிட்டு மைதானத்துக்குப் போய்விடுவார். மீதி ஐந்தும் கூடையில் கிடக்கும். பிறகு ஆட்டக்காரர்கள் வந்து பார்ப்பார்கள். தன் நம்பர் கொடியில் இருந்தால் ஆட்டம். கூடையில் இருந்தால் வெளியே உட்கார வேண்டும். அதற்கு மேல் பேச்சு கிடையாது.

அன்றைக்கு ஃபைனல். அண்ணன் மாட்டிவிட்டுப் போன கொஞ்ச நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. ஓடிப்போய் எல்லாவற்றையும் வாரி அந்தக் கூடையிலேயே போட்டேன். வெயில் வந்ததும் திரும்ப மாட்டினேன். பதினொன்று எண்ணினேன், சரியாக இருந்தது. எது எது என்பதும் ஞாபகம் இருக்கிறது என்று நம்பினேன். மைதானத்துக்கு நடந்துபோய் அண்ணனைக் கேட்டிருக்கலாம். அத்தனை ஆண்கள் நடுவில் போய் நிற்கக் கூச்சம். விட்டுவிட்டேன்.

ஒன்பதாம் நம்பர் வந்தான். டீமிலேயே கோல் அடிக்கிற கால் அவனுடையதுதான். முந்தின வாரம் பிராக்டீஸுக்கு லேட்டாக வந்ததற்கு அண்ணன் அவனை எல்லார் முன்னாலும் திட்டியிருந்தார். கொடியைப் பார்த்தான். கூடையைப் பார்த்தான். ஒன்பது கூடையில் கிடந்தது.

“இன்னாக்கா, அந்தாளு கோவத்த இதுல காட்டிட்டாரா?”

நான்தான் மாற்றி மாட்டிவிட்டேனோ என்று எனக்கு அப்போதே பட்டது. அதைச் சொல்லாமல் கொடிக்கயிற்றை இழுத்துக் கட்டப் போய்விட்டேன். அவன் ஜெர்சியைத் தொடாமல் ஹெப்பகோடி பஸ் ஏறி, லீவு போட்ட ஃபேக்டரிக்கே திரும்பப் போய்விட்டான்.

அவன் வராததை அண்ணன் மைதானத்தில் கவனிக்கும்போது ஆட்டம் தொடங்கும் நேரம் ஆகிவிட்டதாம். ஒரு கோலில் தோற்றோம். அதன் பிறகு அவன் எங்கள் டீமுக்கு ஆடவில்லை. டீக்கடையில் அண்ணனைப் பார்த்தால், இன்றைக்கு யாருக்கு ரெட் கார்டு சார் என்று கிண்டல் செய்வார்கள். வருடக்கணக்கில் செய்தார்கள்.

தோற்ற மறுநாளே அவர் வாசலில் போய் நின்று, மாற்றி மாட்டியது நான் என்று சொன்னேன். ஷூவுக்கு லேஸ் கோத்துக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

“நான்தான் மாட்டுனேன்னு ஊரே நெனச்சிக்கினு கீது. அப்டியே இருக்கட்டும்மா. நீ சொன்னா உன் வூட்டு முன்னாடி வந்து கத்துவானுங்க.”

ஒன்பதாம் நம்பரிடமாவது சொல்லுங்கள் என்றேன். அவன் மட்டும் உன்னைச் சும்மா விடுவானா என்றார். நானும் சரியென்று வந்துவிட்டேன். மாற்றி மாட்டியதைவிட அதுதான் பெரிய தப்பு.

இப்போது மலரில் வரப்போவதை டீம் செகரட்டரி காட்டினார். எல்லாம் நன்றாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் நடுவில் ஒரு வரி, சொந்தக் கோபத்தால் ஒரு ஃபைனலையே கைவிட்டவர், அது ஒன்றே அவரிடம் இருந்த குறை என்று. அந்த வரி அச்சில் வரக் கூடாது. ஆனால் நடந்ததை ஒன்பதாம் நம்பர் அச்சில் படித்துத் தெரிந்துகொள்ளவும் கூடாது, முதலில் என் வாயால் கேட்க வேண்டும். இரண்டு பஸ் மாறித் தனியாகவே ஹெப்பகோடி போனேன். முன்பின் தெரியாதவர்களிடம் வழி கேட்பதென்றால் எனக்கு உயிர் போகும். கேட்டேன்.

அவனுக்கும் தலை நரைத்துவிட்டது. உட்காரச் சொன்னான். உட்கார்ந்தால் தைரியம் போய்விடும் என்று நின்றபடியே சொல்லி முடித்தேன்.

“சாவுக்கு வந்தும் உள்ள போவலக்கா. வாசல் கேட்டாண்டயே நின்னுட்டு வந்துட்டேன்,” என்றான். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். “உங்க மேல கோவம் இருக்குது. ஆனா எழுதுங்க.”

எழுதிவிட்டேன். செகரட்டரி தம்பி, அந்த வரியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதைப் போடுங்கள். மழையில் வாரியதும் மாற்றி மாட்டியதும் நான்தான், அதில் மட்டும் கை வைக்க வேண்டாம். மற்றபடி அது எந்த வருடம், எதிரில் ஆடியது யார், ஜெர்சி பதினாறா பதினெட்டா என்பதெல்லாம் எனக்கு நிச்சயமில்லை. பழைய ஆட்டக்காரர்கள் யாராவது ஒரு தரம் படித்துப் பார்த்துத் திருத்திக் கொடுங்கள்.